தோட்டத் தொடருந்து

தோட்டத் தொடருந்து என்பது வீட்டுத் தோட்டம், முற்றம் போன்ற திறந்தவெளிகளில் நிலையாக அமைக்கப்படும் மாதிரித் தொடருந்து அமைப்பு ஆகும். அறைக்குள் மேசைமீது அமைக்கப்படும் மாதிரிகளைக் காட்டிலும் இது அளவில் பெரியது. வெயில், மழை, காற்று, பனி ஆகிய அனைத்தையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருப்பதால், இதன் கட்டுமானம் பொம்மை விளையாட்டைவிட உண்மையான இருப்புப்பாதைப் பொறியியலுக்கே நெருக்கமானது. நிலத்தைச் சமன்செய்தல், வடிகால் அமைத்தல், சரளை பரப்புதல், தண்டவாளத்தின் வெப்ப விரிவுக்கு இடம் விடுதல் முதலிய பணிகள் சிறிய அளவிலும் தவிர்க்க இயலாதவையாகவே உள்ளன. செருமனி, சுவிட்சர்லாந்து, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளில் இது பரவலான பொழுதுபோக்காகும்.

மனிதர்கள் ஏறி அமர்ந்து செல்லக்கூடிய சிறு தொடருந்துகளும் தோட்டங்களில் அமைக்கப்படுவதுண்டு. அவை வழக்கமாகச் சிறுபாதைத் தொடருந்துகள் எனத் தனியே வகைப்படுத்தப்படுகின்றன. வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்பதால் இக்கட்டுரை இரண்டையும் தொட்டுச் செல்கிறது. எனினும் கட்டுமானம் பற்றிய பகுதி 32 மி.மீ., 45 மி.மீ. தடவகலங்களைக் கொண்ட மாதிரிகளைப் பற்றியதே ஆகும்.

தடவகலமும் அளவுவிகிதமும்

இத்துறைக்குப் புதியவர்களை முதலில் குழப்புவது இதுவே. தடவகலம் என்பது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு. அளவுவிகிதம் என்பது உண்மையான வண்டி எத்தனை மடங்கு சுருக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிப்பது. அறைக்குள் இயங்கும் மாதிரிகளில் பெரும்பாலும் ஒரு தடவகலத்துக்கு ஓர் அளவுவிகிதம் என்ற ஒழுங்கு உண்டு. தோட்டத்தில் அவ்வாறில்லை. 45 மி.மீ. என்ற ஒரே தடவகலத்தின்மீது குறைந்தது ஐந்து அளவுவிகிதங்களில் வண்டிகள் ஓடுகின்றன.

காரணம் எளிய வகுத்தல் கணக்கே. 1000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதையை 22.5 ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. கிடைக்கும். ஆகவே சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகள் போன்ற மீட்டர் பாதைகளுக்கு 1:22.5 பொருந்துகிறது. 1435 மி.மீ. அகலமுள்ள செந்தரப் பாதைக்கு 1:32 பொருந்துகிறது. அமெரிக்காவில் சுரங்கப் பகுதிகளில் ஓடிய 914 மி.மீ. பாதைக்கு 1:20.3 பொருந்தும். 1067 மி.மீ. பாதைக்கு 1:24 பொருந்தும். இவற்றோடு 1:29 என்ற அளவுவிகிதமும் அமெரிக்காவில் பெருவழக்கு. இதன்படி கணக்கிட்டால் 45 மி.மீ. தடவகலம் உண்மையில் 1305 மி.மீ. ஆகிறது. அதாவது பாதை இருக்க வேண்டியதைவிட 130 மி.மீ. குறுகியது. வண்டி சற்றுப் பெரிதாகவும் கம்பீரமாகவும் தெரிய வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் செய்துகொண்ட சமரசம் இது. துல்லியத்தை விரும்புவோர் இதை ஏற்பதில்லை.

32 மி.மீ. தடவகலம் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கு. இரண்டு அடி அகலமுள்ள குறுகிய பாதைகளை 1:19 என்ற அளவில் காட்ட இது பயன்படுகிறது. டார்ஜிலிங் இமயமலைத் தொடருந்துப் பாதை இரண்டு அடி அகலமுடையது என்பதால், அதன் புகழ்பெற்ற பி வகுப்பு நீராவி இயந்திரம் இந்த அளவில் மாதிரியாக வெளிவந்துள்ளது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இக்கணக்கில் ஓர் ஆர்வமூட்டும் செய்தி உண்டு. நீலகிரி மலைப்பாதையும், 1992 இல் தொடங்கிய பாதை ஒருமைப்பாட்டுத் திட்டத்தால் அகலப்பாதையாக மாற்றப்படும்வரை தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் இருந்த பாதைகளும் மீட்டர் பாதைகளே. அவற்றை 1:22.5 அளவில் மாதிரியாக்க விரும்புபவர், கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளத்தை அப்படியே பயன்படுத்தலாம். மாறாக 1676 மி.மீ. அகலமுள்ள இந்திய அகலப்பாதைக்கு 1:32 அளவில் 52.4 மி.மீ. தடவகலம் தேவை. அது கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளத்தோடு பொருந்தாது. தானே செய்துகொள்ள வேண்டும், அல்லது பாதை குறுகலாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எடை கன அளவில் குறைவது மற்றொரு குறிப்பிடத்தக்க பண்பாகும். 40 டன் எடையுள்ள ஓர் இயந்திரத்தை 1:22.5 அளவில் சுருக்கினால் அதன் எடை 22.5 இன் மும்மடிப் பெருக்கமான ஏறத்தாழ 11,390 ஆல் வகுபட்டு 3.5 கிலோகிராம் ஆகிவிடும். ஆனால் தோட்டத்துக் காற்று சுருங்குவதில்லை. எனவே உண்மையான சரக்குப் பெட்டியை அசைக்காத காற்று மாதிரிப் பெட்டியைக் கவிழ்த்துவிடும். பாதைமீது விழும் ஒரு வாதுமை இலை, அளவுவிகிதப்படி பார்த்தால் ஒரு கூரை வந்து விழுந்ததற்குச் சமம்.

வரலாறு

ஏறி அமரக்கூடிய தோட்டப் பாதைகளுள் பெயர்பெற்ற முன்னோடி, இங்கிலாந்தின் டார்பிசயர் பகுதியில் சர் ஆர்தர் ஹேவுட் தன் டஃபீல்டு பேங்க் வளமனையில் 1874 இல் அமைக்கத் தொடங்கியதாகும். இவர் முதலில் 9 அங்குலத் தடவகலத்தில் முயன்று, அது நிலைப்புத்தன்மை அற்றது எனக் கண்டு 15 அங்குலத்துக்கு மாறினார். இவரது நோக்கம் விளையாட்டன்று. வளமனைகளிலும் படைத்துறையிலும் சரக்கு ஏற்றிச்செல்வதற்குப் போதுமான மிகக் குறைந்த தடவகலம் எது என்பதை அறிவதே ஆகும். படைத்துறை அதனை ஏற்கவில்லை. ஆயினும் 15 அங்குலப் பாதைகள் பின்னாளில் பொழுதுபோக்குத் தொடருந்துகளாகப் பல இடங்களில் நிலைபெற்றன.

மாதிரிகளின் வரலாறு பொம்மைத் தொழிலிலிருந்து தொடங்குகிறது. செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891 இல் லைப்சிக் சந்தையில், எண்ணிட்ட செந்தரத் தடவகலங்களைக் கொண்ட தொடருந்து வரிசையைக் காட்சிப்படுத்தியது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் வண்டி மற்றொன்றின் பாதையில் ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இன்று தோட்டங்களில் பயன்படும் 45 மி.மீ. பாதை அவ்வரிசையின் 1 ஆம் எண் தடவகலமே ஆகும். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரில் 1899 இல் தொடங்கப்பட்ட பாசெட்-லோக் நிறுவனம், நியூரம்பெர்க்கின் பிங் நிறுவனம் செய்து தந்த நீராவி மாதிரிகளை விற்றது. எரிசாராயத்தில் இயங்கிய இவற்றை வரவேற்பறையில் ஓட்டினால் எண்ணெயும் தீப்பொறியும் கம்பளத்தைப் பாழாக்கும். இவை தோட்டத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

முதல் உலகப்போருக்குப் பின் வீடுகளும் வருவாயும் சுருங்கின. மாதிரிகளும் சுருங்கின. 1930களில் 16.5 மி.மீ. தடவகலம் பரவியபின் பெரிய மாதிரிகள் வழக்கொழியும் நிலையை எட்டின. அவற்றைக் காக்கும் நோக்குடன் பிரித்தானியாவில் 1947 இல் 1 ஆம் தடவகல மாதிரித் தொடருந்துச் சங்கம் தொடங்கப்பட்டது.

கரோல்வுட் பசிபிக்

தோட்டத் தொடருந்துகளுள் பரவலாக அறியப்பட்டது வால்ட் டிஸ்னி தன் வீட்டில் அமைத்ததாகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹோம்பி இல்ஸ் பகுதியில், கரோல்வுட் சாலையில் இருந்த வீட்டின் தோட்டத்தில் 1950 இல் இது ஓடத் தொடங்கியது. தடவகலம் ஏழேகால் அங்குலம், அளவுவிகிதம் 1:8, பாதையின் நீளம் 2,615 அடி, அதாவது ஏறத்தாழ 800 மீட்டர். நிலக்கரியில் இயங்கிய நீராவி இயந்திரத்துக்கு மனைவி லில்லியனின் பெயரையொட்டி லில்லி பெல் எனப் பெயரிடப்பட்டது. டிஸ்னி படப்பிடிப்புக் கூடத்தின் பட்டறையில் ரோஜர் பிராகி தலைமையில் இது உருவாக்கப்பட்டது. சில உறுப்புகளை டிஸ்னியே தன் கையால் செய்தார்.

தோட்டம் யாருடையது என்ற கேள்வி இங்கும் எழுந்தது. பாதை செல்லும் வழியுரிமையை வழங்கி மனைவியும் மகள்களும் கையொப்பமிடும்படி, சட்ட ஆவணம் போன்ற ஒரு வேடிக்கை ஒப்பந்தத்தை டிஸ்னி எழுதச்செய்தார். லில்லியனின் பூம்பாத்திக்குக் கீழே 90 அடி நீளக் குகை வெட்டப்பட்டது. உள்ளே நுழைபவருக்கு மறுமுனை தெரியக்கூடாது என்பதற்காக அது ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில் வளைத்துக் கட்டப்பட்டது.

1953 இல் விருந்தினர் ஒருவர் ஓட்டும்போது இயந்திரம் தடம்புரண்டது. அதில் உடைந்த குழாயிலிருந்து வெளியேறிய நீராவி பட்டுச் சிறுமி ஒருத்தி காயமுற்றாள். அத்துடன் டிஸ்னி பாதையை மூடி, இயந்திரத்தைப் படப்பிடிப்புக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். மூன்று ஆண்டுகளே ஓடிய இப்பாதைதான், 1955 இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து பூங்காவைச் சுற்றி நீராவித் தொடருந்து ஓடுவதற்குத் தூண்டுதலாயிற்று. வீட்டில் இருந்த கட்டுப்பாட்டுக் கொட்டகை 1999 முதல் கிரிபித் பூங்காவில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

எல்.ஜி.பி.

தற்காலத் தோட்டத் தொடருந்தின் தொடக்கம் 1968 ஆகும். நியூரம்பெர்க்கின் எர்ன்ஸ்ட் பால் லேமன் நிறுவனம் அவ்வாண்டின் பொம்மைச் சந்தையில் எல்.ஜி.பி. என்ற வரிசையை அறிமுகப்படுத்தியது. லேமன் பெருந்தொடருந்து என்பது அதன் பொருள். வெயிலைத் தாங்கும் நெகிழியால் செய்யப்பட்ட வண்டிகள், பித்தளைத் தண்டவாளம், ஈரத்திலும் இயங்கும் வகையில் மூடப்பட்ட மின்னோடிகள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் தந்தது இதன் வெற்றிக்குக் காரணம். அதற்கு முன் தோட்டத்தில் தொடருந்து விட விரும்பியவர் கொல்லராகவும் கடைசல்காரராகவும் இருக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு தந்தை ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் பிரித்து மாலைக்குள் வண்டியை ஓட்டிவிட முடிந்தது. இவ்வரிசையின் அளவு, செருமன் மொழியில் 'பெரிய' எனப் பொருள்படும் சொல்லின் முதலெழுத்தால் ஜி அளவு என்று பெயர்பெற்றது.

இதன் முதல் இயந்திரம் ஆத்திரியாவின் சிடைன்சு பாதையில் ஓடிய நான்கு சக்கர நீராவி இயந்திரத்தின் மாதிரியாகும். அந்தப் பாதையின் உண்மையான அகலம் 760 மி.மீ. மட்டுமே. 1:22.5 அளவில் அது 34 மி.மீ. பாதையில் ஓட வேண்டும். ஆனால் 45 மி.மீ. பாதையில் ஓடியது. துல்லியத்தைப் பற்றிய விவாதம் இத்துறையில் முதல் நாளிலிருந்தே உள்ளது எனலாம்.

மார்க்லின் 1969 இல் தன் பழைய 1 ஆம் தடவகலத்தை மீண்டும் கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் பாக்மேன் நிறுவனம் மலிவான பெரிய தொடருந்துகளை வெளியிட்டபின் அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. லேமன் நிறுவனம் 2006 இல் நொடித்துப்போக, 2007 இல் எல்.ஜி.பி. வரிசையை மார்க்லின் வாங்கியது. 2009 இல் மார்க்லினும் நொடிப்பு மனு அளித்தது. 2013 இல் அதனைச் சிம்பா-டிக்கி குழுமம் கையகப்படுத்தியது.

கட்டுமானம்

திட்டமிடலில் முதலில் முடிவு செய்யப்பட வேண்டியது வளைவின் ஆரம் ஆகும். எல்.ஜி.பி.யின் மிகச்சிறிய வளைவு 600 மி.மீ. ஆரம் கொண்டது. 12 துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். இதனை 22.5 ஆல் பெருக்கினால் 13.5 மீட்டர் வருகிறது. உண்மையான மீட்டர் பாதைகளிலேயே கடுமையான வளைவுகளைக் கொண்ட சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதையில்கூட மிகச்சிறிய ஆரம் 45 மீட்டர். அதாவது மாதிரியில் 2 மீட்டர். பெட்டியோடு வரும் வளைவுகளை நம்பிப் பாதை அமைப்பவர்கள், பின்னர் நீண்ட பயணிப்பெட்டி ஒன்றை வாங்கியதும் அது வளைவில் முரண்டுபிடிப்பதைக் கண்டு பாதையைப் பெயர்த்தெடுக்க நேர்கிறது. இடம் அனுமதிக்கும் மிகப்பெரிய ஆரத்தைத் தொடக்கத்திலேயே தேர்வது நன்று.

அடுத்தது ஏற்றம். 100 செ.மீ. தொலைவில் 2 செ.மீ. உயர்வது 2 விழுக்காடு ஆகும். தோட்டத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டாமலிருப்பது பாதுகாப்பானது. 4 விழுக்காட்டில் சிறிய தொடர்கள் மட்டுமே ஏறும். பெர்னினாப் பாதையில் பற்சக்கரமின்றி 7 விழுக்காடு ஏறுகின்றனவே எனக் கேட்கலாம். அங்கே ஒரே தொடரின் பல அச்சுகள் மின்னோடியால் இயக்கப்படுகின்றன. நீலகிரிப் பாதையில் 12 க்கு 1 என்ற ஏற்றத்தில் பற்சக்கரமும் பற்தண்டும் தேவைப்படுகின்றன. மாதிரிகளிலும் பற்தண்டுப் பாதை கிடைக்கிறது. ஒரு பாதை தன்னையே மேலாகக் கடந்து செல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 22 செ.மீ. உயர வேண்டும். 2 விழுக்காட்டில் அதற்கு 11 மீட்டர் ஏற்றமும், இறங்க மற்றொரு 11 மீட்டரும் தேவை. காகிதத்தில் அழகாகத் தெரியும் எட்டு வடிவப் பாதைகள் பல இந்தக் கணக்கில்தான் தோற்கின்றன.

அடித்தளம்

தோட்டத் தொடருந்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அடித்தளமே. பெருவழக்கில் மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது மிதக்கும் சரளை முறை. பாதை செல்லும் வழியில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, களைகள் மேலெழாதவாறு துணி விரித்து, ஜல்லி நிரப்பி, அதன்மேல் தண்டவாளம் வைக்கப்படுகிறது. தண்டவாளம் எதனோடும் பிணைக்கப்படுவதில்லை. சரளையே அதனைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது கல்லின் வடிவம். ஆற்றுக் கூழாங்கற்கள் உருண்டையாக இருப்பதால் ஒன்றோடொன்று பிணையாமல் உருண்டுவிடும். உடைத்த கல்லின் கூர்முனைகளே ஒன்றையொன்று கவ்வி நிற்கும். உண்மையான இருப்புப்பாதைகளில் உடைத்த கருங்கல் இடப்படுவதற்கும் இதுவே காரணம். மாதிரிக்கு 3 முதல் 6 மி.மீ. வரையிலான பொடி ஜல்லி, அதன் தூளோடு சேர்ந்தது, ஏற்றது. நீர் இறங்கிவிடுவதால் மழையில் பாதை மூழ்காது. ஆண்டுக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடங்களில் சரளையைத் திணித்துச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது காங்கிரீட் அடித்தளம். இதில் களை முளைக்காது, மட்டம் எளிதில் மாறாது. ஆனால் பாதையை மாற்ற விரும்பினால் சம்மட்டிதான் துணை. கடுங்குளிர் நாடுகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது காங்கிரீட் தூக்கப்பட்டு விரிசல் காண்கிறது. மிதக்கும் சரளையோ மேலெழுந்து, பனி உருகியதும் ஓரளவு தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. முதன்முறை கட்டுபவர் காங்கிரீட்டை நாடாமலிருப்பது நன்று. எவருடைய முதல் வரைபடமும் நிலைப்பதில்லை.

மூன்றாவது ஏணி முறை. நிலத்தில் நடப்பட்ட கம்பங்களின்மேல் இரு நீண்ட பட்டைகளை இடையிடையே கட்டைகளால் இணைத்து, ஏணி கிடப்பதுபோன்ற தளம் அமைக்கப்படுகிறது. நெகிழிப் பட்டைகளைப் பயன்படுத்தினால் அவை தாமாகவே சீரான வளைவாக வளையும். சரிவான நிலத்துக்கு இது மிகவும் ஏற்றது. பிரித்தானியாவில் நீராவி மாதிரி ஓட்டுபவர்கள் பாதையை இடுப்பளவு உயரத்தில் அமைப்பது வழக்கம். குனிந்து தீ மூட்டவும் எண்ணெயிடவும் வயது இடம்தராது என்பதே காரணம்.

தண்டவாளம்

தண்டவாளங்கள் பித்தளை, நிக்கல்வெள்ளி, துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம் ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. நிக்கல்வெள்ளி என்பதில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலப்பு. தண்டவாளம் வழியே மின்சாரம் செலுத்துவதாக இருந்தால் பித்தளையே பெரும்பாலோரின் தேர்வு. அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுப்பதால் அடிக்கடி தேய்த்துத் துலக்க வேண்டும். மின்கலத்தாலோ நீராவியாலோ ஓட்டுபவர்களுக்கு மலிவான அலுமினியம் போதும். குறுக்குக்கட்டைகள் நெகிழியாலானவை. புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாத நெகிழி சில கோடைகளில் நொறுங்கத் தொடங்கும்.

வெப்ப விரிவைப் புறக்கணிப்பதே பொதுவான தவறு. பித்தளை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 19 பங்கு விரிகிறது. விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலில் காய்ந்த தண்டவாளத்துக்கும் 40 பாகை வேறுபாடு இருந்தால், 10 மீட்டர் நீளப் பித்தளை 7.6 மி.மீ. நீளும். அந்த நீளம் போக இடமின்றி இரு முனைகளும் இறுக்கப்பட்டிருந்தால் பாதை பக்கவாட்டில் பிதுங்கிப் பாம்புபோல் நெளியும். எனவே தண்டவாளத்தை அடித்தளத்தோடு ஆணியடித்து இறுக்குவதில்லை. வளைவுகளில் பாதை சற்றே வெளிநகர்ந்து திரும்ப இடமளிக்கப்படுகிறது. நீண்ட நேர்ப்பாதைகளில் நழுவும் இணைப்புகள் வைக்கப்படுகின்றன. குளிர்ந்த காலை வேளையில் பாதையிடும்போது இடைவெளி விட்டும், வெயிலில் இடும்போது நெருக்கியும் வைக்க வேண்டும்.

சரளையை முழுமையாக இடுவதற்கு முன் சில வாரங்கள் வண்டியை ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். தடம்புரளும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் குறை பாதையில் உள்ளது. ஒரே பெட்டி எல்லா இடங்களிலும் புரண்டால் குறை பெட்டியின் சக்கரத்தில் உள்ளது. மென்பொருளில் பிழை தேடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பாலங்களும் குகைகளும்

பாலத்தின்மீது செல்லும் இயந்திரத்தின் எடை சில கிலோகிராம்களே. ஆனால் பாலம் அதற்காக வடிவமைக்கப்படக் கூடாது. தோட்டத்தில் நாய் ஏறும், பந்து விழும், பின்னோக்கி நடப்பவர் கால் வைப்பார். மாதிரிப் பாலங்களை முறிப்பவை இவையே. குகைகளில் வண்டி நின்றுவிட்டால் கைவிட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஆதலால் குகையின் நீளம் இருபுறமிருந்தும் கைக்கெட்டும் அளவில் இருக்க வேண்டும், அல்லது அதன் கூரை திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குளிர்ச்சியான இருண்ட குகையைத் தேடிப் பிற உயிரினங்களும் வரும். வெப்பநாடுகளில் கையை விடுவதற்கு முன் விளக்கடித்துப் பார்ப்பது கட்டாயம்.

இயக்கும் ஆற்றல்

பொதுவான முறை தண்டவாளம் வழியே 24 வோல்ட்டுக்கு மிகாத நேர்மின்னோட்டத்தைச் செலுத்துவதாகும். மின்மாற்றி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டு மின்னழுத்தம் எக்காரணம் கொண்டும் ஈரத் தோட்டத்துக்குள் செல்லக்கூடாது. மின்மாற்றி இணைக்கப்படும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக் கருவி இருப்பது உயிர்காக்கும். நீண்ட பாதையில் ஒவ்வோர் இணைப்பும் சிறிது மின்தடையைச் சேர்ப்பதால் தொலைவில் வண்டி மெதுவாகும். தடித்த கம்பி வழியாகப் பல இடங்களில் மின்சாரம் ஊட்டுவதும், நழுவு இணைப்புகளுக்கு மாறாகத் திருகு இணைப்புகளைப் பயன்படுத்துவதும் இதற்குத் தீர்வு. பாதை வளைந்து தன்னோடு தானே திரும்பிச் சேரும் இடத்தில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தோடு சேர்ந்து குறுஞ்சுற்று ஏற்படும். அவ்விடத்தைக் காப்பிட்டுப் பிரிக்க வேண்டும்.

1990களின் நடுவில் அமெரிக்க மாதிரித் தொடருந்துச் சங்கம் எண்ணிமக் கட்டுப்பாட்டுக்குச் செந்தரம் வகுத்தது. செருமனியின் லென்சு நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்ட இதில், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி முகவரி உண்டு. தண்டவாளம் வழியே ஆற்றலும் கட்டளையும் சேர்ந்தே செல்கின்றன. ஒரே பாதையில் பல வண்டிகளைத் தனித்தனியே ஓட்ட இது வழிசெய்தது. ஆனால் தண்டவாளத்தில் படியும் அழுக்கு கட்டளைகளையும் தடுக்கும். இலித்தியம் மின்கலங்கள் மலிவானபின், வண்டிக்குள்ளேயே மின்கலத்தை வைத்து வானலையால் கட்டுப்படுத்தும் முறை பரவிவருகிறது. இதில் தண்டவாளம் துலக்கும் வேலையே இல்லை.

நீராவி மாதிரிகள் தனி உலகம். பியூட்டேன் வளிமம், எரிசாராயம், நிலக்கரி ஆகியவற்றுள் ஒன்றால் சூடாக்கப்படும் செப்புக் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.8 பார் அழுத்தம் இருக்கும். ஒருமுறை நீரும் வளிமமும் நிரப்பினால் அரைமணி நேரம் அளவில் ஓடும். குழாய்நீரில் உள்ள உப்புகள் கொதிகலனில் படியும் என்பதால் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கொதிகலனின் மூட்டுகள் வெள்ளிப் பற்றாசால் இணைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஈயப் பற்றாசு அந்த வெப்பத்தில் உருகக்கூடியது. இயக்க அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தத்தில் நீரால் சோதித்த பின்னரே கொதிகலனைப் பயன்படுத்த வேண்டும். சோதனைக்குக் காற்றைப் பயன்படுத்தக்கூடாது. கலன் பிளந்தால் அழுத்தப்பட்ட காற்று வெடிக்கும், நீர் வெறுமனே கசியும். வளிமம் நிரப்பும்போது அருகில் எரியும் இயந்திரம் எதுவும் இருக்கக்கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவது எவ்வளவு தேவை என்பதற்குக் கரோல்வுட் நிகழ்வே சான்று.

செடிகள்

அறைக்குள் அமையும் மாதிரிகளில் இல்லாதது உயிருள்ள நிலக்காட்சி. சிறிய இலையும் மெதுவான வளர்ச்சியும் கொண்ட செடிகள் மரங்களின் இடத்தைப் பெறுகின்றன. மேலைநாடுகளில் குட்டை ஆல்பர்ட்டா தளிர்க்கூம்பு மரம் பெரிதும் நடப்படுகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளரும் இக்குட்டை வகையை 1904 இல் கனடாவின் லாகன் என்னுமிடத்தில் அர்னால்டு தாவரப் பூங்காவைச் சேர்ந்த ஆல்பிரட் ரேடர், ஜான் ஜாக் ஆகிய இருவர் கண்டெடுத்தனர். அவர்கள் அப்போது தாமதமான தொடருந்துக்காகக் காத்திருந்தனர் என்று சொல்லப்படுகிறது. தரையில் படரும் தைம் புல்வெளியாகவும், பாறைகளில் செடம் வகைகள் புதராகவும் தோற்றமளிக்கின்றன. கிளைகளைக் கத்தரித்து அடிமரத்தை வெளிக்காட்டும் போன்சாய் முறை, புதரை முதிய மரமாகக் காட்டவல்லது.

செடிகளுக்கும் பாதைக்கும் தேவைகள் எதிரெதிரானவை. செடிக்கு ஈரமும் உரமும் வேண்டும். பாதைக்கு வறட்சி வேண்டும். வேர் பாதையைத் தூக்கும், நீர் சரளையை அரிக்கும், உதிர்ந்த இலை சக்கரத்தை நிறுத்தும். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் தோட்டம் பாதையை விழுங்கிவிடும். உரிமையாளரின் மூப்பாலோ மறைவாலோ கைவிடப்பட்ட பாதைகள் வெகுவிரைவில் உருத்தெரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வெப்பமண்டலத்தில் உறைபனித் தொல்லை இல்லை. அதற்கு ஈடாகப் பருவமழையும் கறையானும் உள்ளன. ஓரிரு மணி நேரத்தில் கொட்டும் மழை பொடி ஜல்லியை அடித்துச் சென்றுவிடும் என்பதால், பாதையைச் சுற்றுநிலத்தைவிடச் சில செ.மீ. உயர்த்தி, நீர் குறுக்கே கடக்கக் குழாய்கள் பதிக்க வேண்டும். மண்ணைத் தொடும் மரக்கட்டைகளைத் தவிர்த்து நெகிழியோ கல்லோ பயன்படுத்துவது நல்லது. இங்குள்ள சிற்றிலைக் குறோட்டன்கள், கத்தரித்த மருதாணி, கற்பூரவல்லி போன்றவற்றை வெளிநாட்டுக் கூம்பு மரங்களுக்கு மாற்றாக முயலலாம்.

பொதுக் காட்சிகள்

நியூயார்க் தாவரவியல் பூங்காவில் 1992 முதல் ஆண்டுதோறும் விடுமுறைக் காலத் தொடருந்துக் காட்சி நடைபெறுகிறது. பெரிய அளவு மாதிரித் தொடருந்துகள், மரப்பட்டை, விதை, காய்ந்த இலை, சுள்ளி ஆகியவற்றால் செய்யப்பட்ட நியூயார்க் நகரக் கட்டடங்களுக்கு இடையே ஓடுகின்றன. அமெரிக்காவில் இத்துறைக்கென 1984 இல் தொடங்கப்பட்ட கார்டன் இரயில்வேசு இதழ் 2020 வரை வெளிவந்தது.

2017 இல் இசுக்கொட்லாந்தில் தன்னார்வலர்கள் போர்ட் வில்லியம் முதல் இன்வர்னஸ் வரை 71 மைல், அதாவது ஏறத்தாழ 114 கி.மீ. தொலைவுக்கு 32 மி.மீ. நெகிழிப் பாதை அமைத்து, அதில் சிறிய நீராவி இயந்திரம் ஒன்றை ஓட்டினர். இது 2018 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடராக ஒளிபரப்பானது. ஓடைகளையும் சரிவுகளையும் கடக்க வழியெங்கும் தற்காலிகப் பாலங்கள் கட்டப்பட்டன. வண்டி கடந்தபின் பாதை கழற்றி எடுக்கப்பட்டது.